நேர்ந்துவிட்ட சேவல்

முனியாண்டி துணை

சுங்கை சிப்புட்,
19 ஜனவரி 2024

அன்புத் தம்பி தனேஸ்வரனுக்கு,

அக்கா புஷ்பலதா எழுதுவது. நான் இங்கு சுகம். நீயும் பிரமிளாவும் குட்டிப்பயல் ஷர்வினும் அங்கே சுகமாக இருக்க முனியாண்டியை வேண்டிக்கொள்கிறேன். ஷர்வினுக்குச் சளி விட்டதா?

கைப்பேசி இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் அண்ணன் கேஸைப் பற்றி வாயெடுத்தாலே உனக்கு, "லைன் கிளியர் இல்லக்கா" ஆகிவிடுகிறது. செமோர் தபால் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வரவில்லை என்று சொல்ல முடியாது. நீயும் அப்படியே பதில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அரசாங்க வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சட்டம் மாறிவிட்டதால் தூக்குக் கைதிகள் தண்டனையைக் குறைக்கச் சொல்லி மறுபடி மனுப் போடலாமாம். நம் அண்ணன் யுகேந்திரனை வெட்டிக் கொன்ற அந்த அர்ச்சுனனும் போட்டிருக்கிறான். புத்ராஜெயாவில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்பார்களாம். தூக்கை எடுத்துவிட்டு முப்பதோ நாற்பதோ வருடச் சிறையாக மாற்றினாலும் மாற்றுவார்களாம். அவன் உள்ளே போய்ப் பதினாலு வருடம் ஆகிவிட்டது. நன்னடத்தைக் கழிவு போக இன்னும் ஆறேழு வருடத்தில் வெளியே வந்து, இதே தாமான் குடியிருப்பில், என் வீட்டுக்கு எதிரே கால்மேல் கால் போட்டுக் கோப்பி குடிப்பான். நான் அதைப் பார்த்துக்கொண்டு துணி காயப்போட வேண்டுமா?

செத்தவர் குடும்பமும் தன் கருத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் எழுதுகிறேன். தூக்கைத் தவிர எதையும் ஏற்க மாட்டோம் என்று எழுதுகிறேன். அண்ணன் வெட்டுப்பட்டதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நீ. உன் கையெழுத்து இருந்தால்தான் அதற்கு மரியாதை.

என் நேர்த்திக்கடன் உனக்குத் தெரியும். அவன் தொங்கும் நாளில் அறுப்பதாக அவன் பெயரைச் சொல்லி முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துவிட்டேன். இப்போது கட்டிக் கிடப்பது நாலாவது. முதல் மூன்றும் கிழடுதட்டிச் செத்தன. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இந்த நாட்டில் அரசனும் நின்று, உட்கார்ந்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கொல்கிறான்.

உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா
புஷ்பலதா


ஸ்கூடாய், ஜொகூர்,
11 பிப்ரவரி 2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி தனேஸ் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஷர்வினுக்குச் சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் இருக்கிறது.

வேலை அதிகம் அக்கா. எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போக விடியலில் கிளம்பினால், மோட்டார் சைக்கிள் வரிசையிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ வர நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை. கூட்டம் எப்படி? குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போனீர்களா? மழை பெய்ததாகக் கேள்விப்பட்டேன்.

அண்ணன் விஷயம். நீங்கள்தான் மூத்தவர், நீங்கள் எழுதினாலே போதும். நான் எழுதினால் தப்பும் தவறுமாக இருக்கும். பிரமிளா உங்களுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள், நீல நிறம்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
தனேஸ்


முனியாண்டி துணை

சுங்கை சிப்புட்,
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். முட்டிவலியும் சுகம், என்னை விட்டுப் போக அதற்கு மனமில்லை. ஷர்வினுக்கு வெற்றிலைச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கச் சொல்.

நான் கேட்டது கையெழுத்து. நீ எழுதியது மழையும் சேலையும். கடிதத்தை மலாயில் டைப் செய்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது, பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனாவைத் திறந்து போட வேண்டியதுதான்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கோயில் திருவிழாவில் உறுமி மேளத்துக்கு முன்னால் யார் ஆடுவது என்ற தகராறில் அண்ணன் அந்த அர்ச்சுனனை அறைந்தார். "ஒன்ன வெட்டாம விடமாட்டேன்லா"ன்னு அவன் நூறு பேர் முன்னால் கத்தினான். ஏழாம் நாள் அண்ணன் பழைய ரப்பர் ஸ்டோர் வளைவில், செம்பனைத் தோட்டத்துக்குள்ளே கிடந்தார். பதினேழு வெட்டு. அம்மா அதை எண்ணிப் பார்த்த கையோடு படுத்தவர்தான், தீர்ப்பு வந்த வருடமே போய்விட்டார்.

அவன் அம்மா பாப்பா மட்டும் கல்லுப் போல இருக்கிறாள். மகன் அன்று வீட்டில்தான் இருந்தான் என்று கோர்ட்டில் வந்து கூசாமல் சொன்னவள். நீதிபதி நம்பவில்லை, தாய் மகனுக்காகப் பேசத்தானே செய்வாள் என்று ஒதுக்கிவிட்டார். அன்றிலிருந்து நானும் சும்மா இருக்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்குத் தாமான் குடும்பங்கள் எல்லாம் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும்போது, அவள் பானைக்கு அந்த வரிசையில் இடமில்லை. கோயில் தலைவர் சன்னாசி அண்ணனிடம் சொல்லி நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அவள் வடை சுட்டு விற்றாள், யாரும் வாங்காமல் செய்தேன். பாவம் பார்க்கிற வயசெல்லாம் எனக்குப் போய்விட்டது.

கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

உன் அக்கா
புஷ்பலதா


ஸ்கூடாய்,
24 மார்ச் 2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் அனுப்பிய தாள் மேசையில் இருந்தபோது ஷர்வின் மைலோவைக் கொட்டிவிட்டான். கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. இன்னொன்று அனுப்புங்கள், அவசரமில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். தூக்கை எடுத்துவிட்டால் அவன் மொத்தம் எத்தனை வருடம் இருக்க வேண்டும்? பிரம்படியும் உண்டா? நாம் ஒன்றுமே எழுதிக் கொடுக்காவிட்டால் நீதிபதிகள் என்ன செய்வார்கள்?

பாப்பா அத்தை இப்போது எப்படிச் சாப்பிடுகிறார்கள்? வேறு பிள்ளைகள் யாரும் பார்த்துக்கொள்கிறார்களா?

வெயில் கடுமை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
தனேஸ்


முனியாண்டி துணை

சுங்கை சிப்புட்,
2 ஏப்ரல் 2024

தம்பி தனேஸ்வரனுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். அண்ணனைக் கொன்றவனின் அம்மா எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கிறாய். அத்தையாம் அத்தை! நம் அம்மா கடைசி மூன்று மாதம் எப்படிச் சாப்பிட்டார் என்று நீ ஒரு நாள் கேட்டாயா? சாவுக்கு வந்தவன் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிப் போனாய்.

உன் அத்தையின் புதுக் கூத்தைக் கேள். போன வெள்ளிக்கிழமை பூசை முடிகிற நேரம், யாரும் கூப்பிடாமல் கோயிலுக்குள் வந்தாள். தட்டில் இருந்த கற்பூரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொளுத்திக்கொண்டாள்.

"எம் புள்ள அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுலதான் இருந்தான். நெத்திலி சம்பல் வெச்சி என் கையால சோறு போட்டேன். இது பொய்யா இருந்தா, முனியாண்டி என்னையும் என் வம்சத்தையும் எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, மறுகையால் அறைந்து அணைத்தாள். கை பொசுங்கிய வாடை எனக்கு வந்தது.

"நடிப்புலா! கோர்ட்டுலயும் இதே நடிப்புதான்" என்றேன். பிறகு சன்னாசி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "லதா, கோர்ட்டு வேற, இது வேற. இதுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. ஒன் தம்பிய வரச் சொல்லு. அவனும் அணைச்சிட்டுப் போவட்டும், முடிஞ்சிச்சி."

தாமான் முழுக்க இப்போது இதே பேச்சு. ஊர் வாயை மூட எந்த மூடி இருக்கிறது? ஒரு மூடிதான் இருக்கிறது, அது நீ. ஏப்ரல் 23ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. வா. அவன்தான் வெட்டினான், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக் கற்பூரத்தை அணை. கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்னதைக் கோயிலில் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? மறு தாளும் வைத்திருக்கிறேன். வரும்போது கையெழுத்துப் போட்டு எடுத்து வா.

அக்கா


சுங்கை சிப்புட்,
2 மே 2024

தனேஸ்வரனுக்கு,

நலமா?

நீ வரவில்லை. ரயில் நிலையத்தில் மூன்று வண்டி பார்த்தேன். திருவிழாவில் ஒவ்வொருத்தரும் என்னிடம் வந்து, "தம்பி வரலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாப்பா வரிசைக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, தன் பானையை வைத்துப் பொங்கினாள். கையில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான்தான் முதலில் முகத்தைத் திருப்பினேன்.

நீ கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிய ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் எங்கே?

புஷ்பலதா


ஸ்கூடாய்,
16 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பிரமிளா எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? ஷர்வின் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நீங்கள் சொன்ன வெற்றிலைச் சாறு நன்றாகக் கேட்டது.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்றாவது கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாலாவதைப் பிரிக்கவே இல்லை, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். தாளில் மைலோ கொட்டியது ஷர்வின் இல்லை. அவரேதான் கொட்டினார். நான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. வீட்டில் நான் கற்பூரம் ஏற்றினால் எழுந்து வெளியே போய்விடுவார். ஷர்வினுக்கு முடி இறக்கிய அன்றும் தட்டைத் தொட்டுக் கும்பிடவில்லை. வாசனை ஒத்துக்கொள்ளாது என்பார், நானும் நம்பினேன். உங்கள் வீட்டில் சிறு வயதிலிருந்தே அப்படித்தானா அண்ணி? எனக்குச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள்
பிரமிளா


சுங்கை சிப்புட்,
27 மே 2024

தனேசு,

சிறு வயதில் கோயிலில் கற்பூரத்தட்டு தூக்கி எல்லாருக்கும் காட்டியவன் நீதான். உனக்கு வாசனை ஒத்துக்கொண்டது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பாப்பாவின் நெஞ்சைத்தான் பதினாலு வருடமாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி. வேறு எதையும் எழுதாதே, மழை வேண்டாம், சேலை வேண்டாம்.

அன்றைக்கு நீ அவன் முகத்தைப் பார்த்தாயா?

அக்கா


ஸ்கூடாய்,
30 ஜூன் 2024

அக்கா,

வணக்கம். சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

பார்க்கவில்லை.

இதை எழுத ஒரு மாதம் ஆனது. அண்ணன் மோட்டார் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் ஸ்டோர் வளைவில் இரண்டு மோட்டார், மூன்று பேர். முகம் மூடிய ஹெல்மெட். ஒருவன் பாராங் கத்தியை எடுத்ததும் அண்ணன், "ஓடுடா தனேசு"ன்னு கத்தினார். ஓடினேன் அக்கா. செம்பனைக்குள் ஓடி மட்டைக் குவியலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். எல்லாம் காதில் விழுந்தது. எழவில்லை. சத்தம் நின்று வெகு நேரம் கழித்துத்தான் எழுந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வயதில் கல் எடுத்து வீசவாவது முடியும்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் சவக்கிடங்கு வாசலில் நீங்கள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினீர்கள். "அர்ச்சுனனாலா? அவன்தானே? வாயத் தொறந்து சொல்லுடா!" பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றார். அவன் பெயரை முதலில் சொன்னது நீங்கள், அக்கா. நான் தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் அடுத்த கேள்வி, நீ எங்கே இருந்தாய் என்பதுதான்.

மறுநாள் ஸ்டேஷனில் ஒரே ஒரு போட்டோவைக் காட்டினார்கள். "இவந்தானே?" மறுபடி தலையாட்டினேன். மலாயில் நாலு பக்கம் அடித்துக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். பத்தடி தூரத்தில் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன் என்று அதில் இருந்ததே கோர்ட்டில் வாசித்தபோதுதான் எனக்குத் தெரியும். அதற்கும் ஆமாம் சொன்னேன். சத்தியம் வாசிக்க ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ருக்குன் நெகாரா உறுதிமொழி ஒப்பித்த மாதிரி வாசித்தேன். அதைச் சத்தியம் என்றே நான் நினைக்கவில்லை. கற்பூரம் இல்லை, முனியாண்டி இல்லை, மலாய்க் காகிதம்தானே என்று நினைத்துவிட்டேன். கத்தி கிடைத்திருக்கும், ரத்தம் இருந்திருக்கும், பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். நீதிபதி தீர்ப்பு வாசித்தபோதுதான் என்னைத் தவிர அவர்களிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பாப்பா அத்தை அங்கேயே விழுந்தார்கள்.

யார் வெட்டியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

என்னைக் கோயிலுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. தூக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். முப்பது வருடமாகக் குறையும், ஆறேழு வருடத்தில் வெளியே வந்துவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லாமல் முடிந்துவிடும். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தனேஸ்


முனியாண்டி துணை

சுங்கை சிப்புட்,
22 ஜூலை 2024

தம்பி தனேஸ்வரனுக்கு,

நான் சுகமில்லை. ஷர்வினுக்கு இருமல் திரும்ப வந்தால் அதே வெற்றிலைச் சாற்றைக் கொடுக்கச் சொல். பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை.

அவன் பெயரை முதலில் சொன்னது நான் என்று எழுதியிருந்தாய். பொய் என்று மூன்று பக்கம் பதில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்துவிட்டு நானே கிழித்துப் போட்டேன். சொன்னேன். உன் சட்டைப் பொத்தான் என் கையோடு வந்தது. உன் கடிதத்தைத்தான் கிழிக்கவில்லை.

அர்ச்சுனனின் வக்கீலை ஈப்போவில் போய்ப் பார்த்தேன். நஜ்லா என்று ஓர் இளம்பெண், நம் தமிழ் முஸ்லிம் பிள்ளை. செத்தவனின் அக்கா வந்திருக்கிறாள் என்றதும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, இப்ப இருக்குற மனுவுல தூக்கா, முப்பது நாப்பது வருஷமா, அத மட்டும்தான் பேச முடியும். அவரு செஞ்சாரா இல்லையான்னு கேக்கவே மாட்டாங்க. அது முடிஞ்ச கதை."

"செய்யலன்னா?" என்றேன்.

"செய்யலன்னாலும்."

எனக்குச் சிரிப்பு வந்தது தம்பி, அழவில்லை. தாய் மகனுக்காகப் பேசுவாள் என்று பாப்பா அத்தையை ஒதுக்கினார்கள். தம்பி அண்ணனுக்காகப் பேசுவான் என்று உன்னை ஒருவரும் ஒதுக்கவில்லை. அன்று நான் கைதட்டாத குறை. அந்தக் கோர்ட்டுக் கதவு ஒருவனை உள்ளே தள்ளும்போது தானாகத் திறந்தது, இப்போது அவனை வெளியே இழுக்கப் பார்த்தால் உள்ளே தாழ்ப்பாள். அதைத் திறக்க வேறு மனு ஒன்று இருக்கிறதாம். ரொம்பக் கஷ்டமாம், பெரும்பாலும் தள்ளுபடிதானாம். "ஆனா எழுத்துல இருக்குதே, அதான் பெரிய விஷயம்" என்றாள்.

எழுத்தில்தான் இருக்கிறது. நீ எழுதிய மூன்று கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். பிரமிளாவின் கடிதத்தையும் நான் எழுதியவற்றின் நகல்களையும், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீதுகளையும் சேர்த்துக் கொடுத்தேன். சவக்கிடங்கு வாசலில் நான் சொன்னதையும் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை. பொய்ச்சாட்சிக்கு உனக்கு நீண்ட சிறைத்தண்டனை வரலாம் என்று நஜ்லா இரண்டு தரம் எச்சரித்தாள். இரண்டு தரமும் தெரியும் என்றேன்.

தூக்கு வேண்டாம் என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை என்கிறாய். செய்யாத கொலைக்கு முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தால் அவனுக்கு நஷ்டமில்லையா? அண்ணனை வெட்டியவர்கள் பதினாலு வருடமாக எங்கேயோ உட்கார்ந்து மீ கோரேங் தின்றுகொண்டிருக்கிறார்கள். நான் இங்கே ஒரு கிழவியின் வடைக் கடையை மூடிவிட்டு அண்ணனுக்குப் பழி வாங்கினதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை ஓட விட்டவன் நீ. நீ ஓடியதை நான் மன்னிப்பேன், அண்ணனே ஓடச் சொன்னார். ஓடியதை மறைக்க இன்னொருத்தன் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தாயே, அதை மன்னிக்க மாட்டேன்.

பாப்பா அத்தை வீட்டுக்குப் போனேன். இருபதடி தூரம், பதினாலு வருடம். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். அழவில்லை, திட்டவில்லை.

"வரிசையில இனி ஒங்களுக்குத்தான் மொத எடம் அத்தை" என்றேன்.

"ஒன் எடத்த நீயே வெச்சிக்க. மொதல்ல எம் புள்ளய கொண்டா. அப்புறம் பேசலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

லதா மனம் மாறிவிட்டாள், பழியெல்லாம் விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் பழி வேண்டும். ஆள்தான் மாறியிருக்கிறது. என்னையும் அதில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், எனக்கு உரியதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 16, ஆடி கடைசி வெள்ளி. நஜ்லாவும் சன்னாசி அண்ணனும் கோயிலுக்கு வருகிறார்கள். பாப்பா அத்தையும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நீ வந்து அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு எழுதியதை அப்படியே வாயால் சொல்லிக் கற்பூரத்தை அணை. அங்கிருந்து நேரே நஜ்லாவோடு போய் எழுதிக் கொடு. பிரமிளாவும் ஷர்வினும் என்னோடு இருக்கட்டும், நீ திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன், எத்தனை வருடம் ஆனாலும்.

சேவல் கொல்லையில் கட்டிக் கிடக்கிறது. நன்றாகக் கொழுத்திருக்கிறது. இத்தனை நாளும் அர்ச்சுனன் பெயரைச் சொல்லித்தான் அதற்குத் தீனி வைத்தேன், போன வாரத்திலிருந்து பெயர் சொல்லாமல் வைக்கிறேன். நீ வந்தால் அதை அவிழ்த்து விட்டுவிடுகிறேன், செம்பனைக்குள் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும். வராவிட்டால் அன்று பூசை முடிந்ததும் அறுப்பேன். யார் பெயரைச் சொல்லி அறுப்பேன் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா
புஷ்பலதா